அம்மா கொடுத்த 555 புத்தகம்

மாதத்தின் 21-ஆம் தேதி. கார் தவணை கட்ட 300 வெள்ளி குறைந்தது. வீட்டில் நான், கணவர் இருவருமே வேலைக்குப் போகிறோம். ஆடம்பரமாக எதுவும் வாங்கியதாக நினைவில்லை. வேறு வழியில்லாமல் கிள்ளானில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்ந்தவர் அவர்.

மறுநாள் சுபாங் ஜெயாவுக்கு வந்தார். பையிலிருந்து 300 வெள்ளியை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேல் ஒரு சின்னப் புத்தகத்தையும் வைத்தார். மளிகைக் கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதும் அதே 555 புத்தகம்!

“ஏம்மா, ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க. காசு எங்க போகுதுன்னு கேட்டா ரெண்டு பேருக்குமே தெரியல. ஒரு மாசம் இதுல எழுது. எதையும் குறைக்க வேண்டாம், சும்மா எழுது” என்றார்.

முதல் பக்கத்தில் அவரே எழுதியும் வைத்தார்: ‘அம்மாவுக்குத் தர வேண்டியது 300.’

அந்த வரியைப் பார்த்தபோது சுருக்கென்றது. என் பாட்டியும் தாத்தாவும் சீபீல்டு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். இன்றைய சுபாங் ஜெயாவும் யூ.எஸ்.ஜே.வும் எழுந்து நிற்பது அந்தத் தோட்ட மண்ணில்தான். 1976-இல் இங்கே வீடமைப்பு வேலைகள் தொடங்கின. சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் ‘தோட்டம்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டி மரம் வெட்டிய மண்ணில் மாடி வீடு வாங்கிக் குடியிருக்கும் நான், மாதக் கடைசியில் அம்மாவிடம் கை நீட்டுகிறேன். தவறு எங்கே?

ஒரு மாதம் எழுதியதில் தெரிந்தது

எழுதுவது எளிதாக இருக்கவில்லை. காலையில் அலுவலகத்துக்குக் கீழே வாங்கும் கோப்பியை எழுதக் கை கூசியது. ஆனாலும் விடவில்லை. மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது மூன்று தொகைகள் திடுக்கிட வைத்தன.

வெளியில் வாங்கிய சாப்பாடு, கோப்பி, செயலி வழியாக வரவழைத்த உணவு: 612 வெள்ளி. வாங்கி வைத்துச் சமைக்காமலே குப்பைக்குப் போன காய்கறி, பால், ரொட்டி, மீன்: 96 வெள்ளி. யாரும் பார்க்காத, பயன்படுத்தாத மாதச் சந்தாக்கள்: 68 வெள்ளி.

மொத்தம் 776 வெள்ளி. இதில் வீட்டுக் கடனும் இல்லை, கார் தவணையும் இல்லை. ‘விலைவாசி ஏறிவிட்டது’ என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தோம். அது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் பணம் ஒழுகிய இடம் வேறு.

யோசித்துப் பாருங்கள். 14 கிலோ கேஸ் தோம்பின் விலை, உதவித்தொகை கழிந்து 26 வெள்ளி 60 காசு. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. நம் நாட்டில் அடுப்பு மூட்டுவது இன்னும் மலிவுதான். அடுப்பு மூட்டாமல் இருப்பதற்குத்தான் நாம் அதிக விலை கொடுக்கிறோம்.

களைப்புக்கும் ஒரு திட்டம் வேண்டும்

வேலை முடிந்து சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வீடு திரும்பும் பெண்ணிடம் ‘வீட்டிலேயே சமையுங்கள்’ என்று சொல்வது எளிது. செய்வது கடினம். நாங்கள் உணவை வரவழைத்த நாள்களைப் புத்தகத்தில் பார்த்தபோது ஒன்று புரிந்தது. பெரும்பாலும் புதன், வியாழன் இரவுகள். ருசிக்காக வாங்கியது குறைவு. களைப்பால் வாங்கியதே அதிகம்.

அதனால் அந்த இரண்டு இரவுகளுக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவு அரைத்துவிடுவேன். திங்கள் இட்லி, புதன் தோசை, மாவு புளித்துவிட்டால் வியாழன் வெங்காயம் தூவிய ஊத்தப்பம். சாம்பார் பருப்பை மொத்தமாக வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று உறையவைத்துவிடுவோம். வெங்காயம், தக்காளி வதக்கிய மசாலாவும் அப்படியே. இவை தயாராக இருந்தால் அரை மணி நேரத்தில் சாப்பாடு மேசைக்கு வந்துவிடும். உணவு கொண்டு வருபவருக்குக் காத்திருக்கும் நேரமும் ஏறக்குறைய அதேதான்.

இதில் கணவருக்கும் பங்கு உண்டு. காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் அவர் பொறுப்பு. ஒருவர் மட்டும் சுமக்கும் சிக்கனம் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

வெளிச்சாப்பாட்டை முற்றாக நிறுத்தவில்லை. சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு வெளியே போகிறோம். இப்போது அது 260 வெள்ளிக்குள் அடங்குகிறது.

ஐஸ்பெட்டியில் அழுகும் வெள்ளி

திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைக் கழகமான எஸ்.டபிள்யு.கார்ப்பின் கணக்குப்படி, மலேசியர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17,000 டன் உணவுக் கழிவை வீசுகிறோம். இதில் ஒரு பகுதி இன்னும் சாப்பிடக்கூடிய நிலையில் இருந்த உணவு. என் வீட்டு 96 வெள்ளியும் அதில் சேர்த்திதான்.

அம்மா செய்த முதல் வேலை, என் ஐஸ்பெட்டியைத் திறந்து பின்னால் இருந்ததை முன்னால் நகர்த்தியது. “கண்ணுல படாதது வாயில படாது” என்றார். இப்போது மேல் தட்டில் ஒரு கூடை இருக்கிறது. ‘முதலில் முடிக்க வேண்டியவை’ அதில் போகும்: பாதி வெட்டிய முட்டைக்கோஸ், நேற்றைய குழம்பு, தேதி நெருங்கும் தயிர். புதிதாகக் காய் வாங்கப் போகுமுன் இந்தக் கூடை காலியாக வேண்டும்.

கீரையைக் கழுவாமல், நாளிதழ்த் தாளில் சுற்றி வைத்தால் ஓரிரு நாள் கூடுதலாகத் தாங்கும். கழுவிய ஈரத்தோடு வைத்தால் மறுநாளே குழையும். துருவிய தேங்காயைச் சிறு பொட்டலங்களாக உறையவைக்கலாம். கோழி, மீனை வாங்கி வந்த அன்றே ஒரு வேளைக்கு உரிய அளவில் பிரித்து உறையவைத்தால், முழுப் பொட்டலத்தையும் இளக்கி மீதியை வீணாக்க வேண்டியிருக்காது. தர்ப்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு அருமையாக இருக்கும். மிஞ்சிய சோற்றை மேசையில் விடாமல் சீக்கிரமே ஐஸ்பெட்டியில் வைத்தால் மறுநாள் காலை நாசி கோரேங்.

மாடி வீட்டில் இருப்பவர்களும் பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை, பாண்டான் இலை, பச்சை மிளகாய் வளர்க்கலாம். அரிசி கழுவிய நீரே அவற்றுக்குப் போதும்.

எங்கே வாங்குவது என்பதிலும் சேமிப்பு உண்டு. காய்கறி, மீனுக்கு இரவுச் சந்தையும் பாசார் தானியும். மல்லி, மிளகாய், பருப்பு வகைக்கு மாதம் ஒரு முறை கிள்ளான் அல்லது பிரிக்பீல்ட்ஸ் கடைகள். சிலாங்கூரில் நடக்கும் ஏசான் ரஹ்மா மலிவு விற்பனையையும் கவனித்து வையுங்கள். ஆனால் எங்கே போனாலும் பட்டியலோடு போக வேண்டும். தேவையில்லாத பொருளை மலிவாக வாங்கினாலும் அது செலவுதான்.

600 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்

அடுத்தது மின்சாரம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய கட்டண முறை நடப்பில் உள்ளது. பில்லில் இப்போது பல வரிகள் இருப்பதால் பலரும் கடைசித் தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிடுகிறார்கள். நம் குடும்பங்கள் அதில் பார்க்க வேண்டிய எண், மாதப் பயன்பாட்டு யூனிட்.

மாதம் 600 யூனிட்டுக்குள் பயன்படுத்தினால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் கிடையாது. 600-ஐத் தாண்டினால் அந்த 10 வெள்ளி சேரும். தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேரும். எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் கூடவோ குறையவோ செய்யும் சரிக்கட்டலும் 600-ஐத் தாண்டியவர்களுக்கே பொருந்தும். 1,000 யூனிட் வரை சிக்கனப் பயன்பாட்டுக்குக் கழிவு உண்டு. பயன்பாடு குறையக் குறைய யூனிட்டுக்கான கழிவு கூடும். ஆகவே கடைசியாகக் குறைக்கும் சில யூனிட்கள்தான் அதிகப் பலன் தருபவை.

எங்கள் வீட்டுப் பயன்பாடு 690 யூனிட். எதைக் குறைப்பது? ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை வைத்துக் கணக்குப் போட்டோம். ஒரு குதிரைத்திறன் கொண்ட சாதாரண ஏர்கோன் இரவு 8 மணி நேரம் ஓடினால் மாதத்தில் 150 யூனிட் வரை இழுக்கும். கூரை விசிறி அதே நேரத்துக்கு 20 யூனிட்டைக்கூடத் தொடாது. குளியலறை வெந்நீர்க் கருவி 3,600 வாட். நான்கு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் மாதம் 72 யூனிட்.

ஏர்கோனை 25 பாகையில் வைத்து, விசிறியையும் சேர்த்துப் போட்டோம். விடியற்காலை 3 மணிக்கு ஏர்கோன் தானாக நிற்கும்படி நேரம் வைத்தோம். சோறு வெந்ததும் ரைஸ் குக்கரின் சுவிட்சை அணைத்தோம். வெந்நீர்க் குளியல் ஐந்து நிமிடமானது. இரண்டாவது மாதம் 570 யூனிட். பில்லில் 50 வெள்ளி அளவுக்குக் குறைந்தது.

‘இரவு பத்து மணிக்கு மேல் துணி துவைத்தால் மலிவு’ என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நேர அடிப்படைக் கட்டணத் திட்டத்தைக் கேட்டுப் பெற்றவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அவர்களுக்கு வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை கட்டணம் கூடுதல். மற்றவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு துவைப்பதில் பயனில்லை.

தண்ணீருக்கும் படிநிலைக் கட்டணம்தான். மாதம் 20 கன மீட்டர், 35 கன மீட்டர் ஆகிய எல்லைகளைத் தாண்டும்போது விலை ஏறும். ஒழுகும் கழிப்பறைத் தொட்டியை இன்றே சரி செய்யுங்கள்.

மிஞ்சிய காசு மீண்டும் ஒழுகாமல் இருக்க

மூன்றாவது மாதம் எங்கள் கணக்கு: வெளிச்சாப்பாட்டில் 352, வீணாகும் உணவில் 66, சந்தாவில் 51, மின்சாரத்தில் 50. மொத்தம் 519 வெள்ளி.

இதை வங்கிக் கணக்கிலேயே விட்டிருந்தால் வேறு ஏதாவது ஒன்று விழுங்கியிருக்கும். அதனால் சம்பளம் விழும் நாளிலேயே 400 வெள்ளி வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்தோம். ஓர் ஆண்டுக்கு 4,800 வெள்ளி. மூன்று மாத அவசியச் செலவுக்கான தொகை சேரும்வரை அதைத் தொடுவதில்லை என்பது முடிவு.

‘இ.பி.எப். இருக்கிறதே’ என்று நினைக்கலாம். சம்பளத்தில் 11 விழுக்காடு அதற்குப் போவது உண்மை. 2024 மே 11 முதல் நம் சந்தாவில் 10 விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பிளெக்சிபல் கணக்கில் சேர்கிறது. எடுக்க முடியும் என்பதற்காகவே அதை எடுத்துச் செலவழித்தால், வயதான காலத்தில் உள்ளதைத்தான் குறைத்துக்கொள்கிறோம்.

கடன் அட்டையில் பாக்கி இருந்தால் அதை அடைப்பதே முதல் சேமிப்பு. அதற்கு ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி. எந்தச் சேமிப்புக் கணக்கும் அவ்வளவு தராது. கடன் கைமீறிவிட்டால் ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தை நாடலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் பெண்களிடையே ‘கூட்டு’ பிடிக்கும் வழக்கமும் உண்டு. நம்பிக்கையின் பேரில் நடப்பது. பணம் போனால் மீட்பது கடினம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடுக்க 1971-இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் தமிழ்ச் சொல் இருக்கிறது!

சேர்ந்து சேமிப்பதற்கு நம்மிடம் நல்ல முன்னுதாரணமும் உண்டு. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், 1960-இல், துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று பங்கு சேர்த்தார். அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு தொழிலாளர்கள் தோட்டங்களையே வாங்கினார்கள். நம்மைவிட மிகக் குறைந்த வருமானம் அவர்களுக்கு. சேர்த்த பணம் எதற்கு என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இந்த வாரமே தொடங்க ஐந்து வேலைகள்

1. ஒரு சின்னப் புத்தகம் வாங்கி, ஒரு மாதம் எல்லாச் செலவையும் எழுதுங்கள். முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம்.

2. எந்த இரவுகளில் வெளிச்சாப்பாடு அதிகம் என்று பார்த்து, அந்த இரவுகளுக்கு மட்டும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

3. ஐஸ்பெட்டியில் ‘முதலில் முடிக்க வேண்டியவை’ கூடை ஒன்று வையுங்கள்.

4. மின்சாரப் பில்லில் யூனிட்டைப் பாருங்கள். 600-க்குச் சற்று மேலே இருந்தால் உங்களுக்குத்தான் ஆதாயம் அதிகம்.

5. சம்பள நாளிலேயே ஒரு தொகை தானாகச் சேமிப்புக்குப் போகட்டும். 50 வெள்ளியாக இருந்தாலும் சரி.

நான்காவது மாதம் அம்மாவைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போனேன். 300 வெள்ளியைக் கொடுத்தேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். மறுப்பேதும் சொல்லாமல் வாங்கி, இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

“புத்தகத்தைக் கொண்டு வந்தியா?”

கொடுத்தேன். முதல் பக்கத்தைப் புரட்டி, அந்த வரியின் மேல் அழுத்தமாக ஒரு கோடு கிழித்தார். பிறகு புத்தகத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இன்னும் பக்கம் இருக்கு. எழுது.”