ஹாம்ஸ்டருக்குத் துணை வேண்டுமா?

"தனியா இருந்தா பாவம், ஜோடியா வாங்கிடலாம்!" ஆவடியில் ஹாம்ஸ்டர் வாங்கும் வீடுகளில் இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால், சிரியன் ஹாம்ஸ்டருக்கு அந்தத் துணைதான் ஆபத்து.

ஏன்? விடை அதன் பூர்வீகத்தில் இருக்கிறது. 1930இல் சிரியாவின் அலெப்போ அருகே வயலைத் தோண்டி, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்தார் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி. இன்றைய வளர்ப்பு சிரியன் ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அவற்றின் வாரிசுகளே. அந்த வயல்களில் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒவ்வொன்றுக்கும் தனி வளை. விலாவில் உள்ள சுரப்பியைச் சுவரில் தேய்த்து, வாசனையாலேயே எல்லை போடும். அந்த எல்லைக்குள் இன்னொன்று வந்தால் சண்டைதான். தோற்றது வயலில் ஓடிவிடும்; கூண்டில் எங்கே ஓடும்? கடிபட்டு உயிரே போகலாம்.

குட்டிகள் ஒட்டிப் படுத்துத் தூங்குவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 8 வாரத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு அவசியம். ரோபோராவ்ஸ்கி போன்ற குள்ள இனங்களில், ஒரே பாலினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள் சில சமயம் சேர்ந்து வாழும். சண்டை வந்தால் அவற்றையும் பிரித்தே ஆக வேண்டும்.

இரண்டாவது ஹாம்ஸ்டருக்கான பணத்தில் பெரிய கூண்டும், ஓடச் சக்கரமும், தோண்ட நிறைய மரச்சீவலும் வாங்கிக் கொடுங்கள்.