கணினியின் நினைவு தடுமாறுவது ஏன்?

நன்கு இயங்கிக்கொண்டிருந்த கணினி திடீரென நின்றுவிடுமாயின், அதனை உடையவர் முதலில் வைரஸைக் குறை கூறுவார். அடுத்து மென்பொருளைக் குறை கூறுவார். நினைவகத்தின்மீது ஐயங்கொள்வோர் மிகச் சிலரே. ஆயினும் இத்தகைய தடுமாற்றங்கள் பலவற்றின் வேர் அங்கேதான் மறைந்திருக்கும்.

நினைவகம் எவ்வாறு நினைவு கொள்கிறது? 1966 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து றொபேட் டெனாட் என்பார் கண்ட முறையே இன்றும் கையாளப்படுகிறது. ஒவ்வொரு சிற்றறையிலும் ஒரு திரான்சிஸ்டரும் ஒரு கொள்ளளவியும் உள்ளன. கொள்ளளவியில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லையேல் பூச்சியம். ஒன்றோ பூச்சியமோ ஆகிய இவ்வோர் இலக்கமே ‘பிட்’ எனப்படும். ஆனால் பொத்தற் குடத்து நீர்போல அம்மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால் ஏறத்தாழ 64 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை அது புதுப்பிக்கப்படல் வேண்டும். படிக்கும்போதும் சிறிது காத்திருந்தே படிக்க வேண்டும். உரிய நேரத்துக்கு முன் படித்தால், ஒன்று பூச்சியமாகத் தோன்றும்.

இனி, இசைவின்மை இருவகைப்படும். முதலாவது கண்ணுக்குப் புலப்படுவது. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 ஆகிய இரு தலைமுறை நினைவகங்களுக்கும் 288 முனைகளே உள்ளன. எனினும் முன்னதற்கு 1.2 வோல்ற்றும் பின்னதற்கு 1.1 வோல்ற்றும் வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாதவாறு அவற்றின் வெட்டு வெவ்வேறிடத்தில் அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே இங்கே தவறு நேர்வது அரிது.

இரண்டாவது வகை புலப்படாதது. நினைவகப் பலகை ஒவ்வொன்றிலும் அதன் வேகத்தையும் காத்திருப்பு நேரங்களையும் குறித்துவைத்த சிறு சில்லு ஒன்றுண்டு. தாய்ப்பலகை அதனைப் படித்தே வேகத்தை வகுக்கும். வெவ்வேறு வேகமுடைய இரு பலகைகளைச் சேர்த்தால், பெரும்பாலும் வேகங்குறைந்ததன் அளவுக்கே இரண்டும் இயங்கும். சில வேளைகளில் அதுவும் கைகூடாது. இரண்டுக்குப் பதில் நான்கு பலகைகளைப் பொருத்துவதும் மையச் செயலகத்தின் நினைவகக் கட்டுப்படுத்திக்குச் சுமையை மிகுவிக்கும்.

அமைவுகளால் விளையும் இடரும் உண்டு. டி.டி.ஆர். 4 இற்குப் பொது நியமம் வகுத்த உச்ச வேகம் 3200. ஆனால் கடையில் 3600 என அச்சிட்ட பலகைகளும் கிடைக்கின்றன. இன்ரெல் நிறுவனம் 2007 இல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி. என்னும் அமைவை இயக்கி, பெரும்பாலும் 1.35 வோல்ற்று கொடுத்தே அவ்வேகம் பெறப்படுகிறது. அந்த எண் நினைவகத்தைச் செய்தவர் அளித்த உறுதி. தாய்ப்பலகையும் செயலகமும் அவ்வுறுதியை அளிக்கவில்லை. மூன்றும் உடன்பட்டாலன்றிக் கணினி நிலைபெறாது.

கணினி நின்றுபோவது சிறு தீங்கே. நிற்காமலே பிழையான விடை தருவதுதான் பெருந்தீங்கு. 2003 இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் நடந்த மின்னணு வாக்கெடுப்பில், வேட்பாளர் ஒருவருக்கு 4096 வாக்குகள் மிகையாகக் காட்டப்பட்டன. நினைவகத்தில் ஒரேயொரு பிட் மாறியிருத்தல் வேண்டும் என ஆய்ந்தோர் கருதினர். மாற்றம் எதனால் நேர்ந்ததாயினும், ஒரு பிட்டின் விளைவு எத்துணைப் பெரிது என்பதற்கு இது சான்று.

ஆகவே, ஒரே பொதியில் விற்கப்படும் பலகைகளையே வாங்குதல் நன்று. தாய்ப்பலகையைச் செய்தவர் வெளியிடும் பரிசோதித்த பலகைகளின் பட்டியலையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். தடுமாற்றம் தோன்றினால், முதலில் பயாஸ் அமைவுகளை இயல்பு நிலைக்கு மீட்க வேண்டும். பின்னர் மெம்ரெஸ்ற் 86 போன்ற சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டு, பிழை கண்டால் பலகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். ஒரு பிழையேனும் காணப்படின், அதனைப் பொறுத்துக்கொள்ளலாகாது.

விரைந்து சொல்வது நினைவகத்துக்கு அழகுதான். கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பித் தருவதோ அதன் கடமை.