உடலின் காவலர்கள் அந்நியரை அறிவது எவ்வாறு?

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு வைத்தியர்கள் விடுக்கும் முக்கிய எச்சரிக்கை, மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதாகும். சில ஆண்டுகள் சுகமாகக் கழிந்ததும், உடல் அவ்வுறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டது என எண்ணி மருந்தைக் கைவிடுவோரும் உளர். அவ்வெண்ணம் ஏன் ஆபத்தானது என்பதை விளங்கிக்கொள்ள, ரி கலங்கள் எனப்படும் வெண்குருதிக் கலங்கள் தமது இலக்கை இனங்காணும் விதத்தை நாம் அறிதல் வேண்டும்.

குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் கிருமியை நேரடியாகவே பற்றிக்கொள்ளக்கூடியவை. ஆனால், கலத்தினுள் புகுந்து மறைந்துகொண்ட வைரஸை அவற்றால் எட்ட முடியாது. அங்குதான் ரி கலங்களின் பணி ஆரம்பமாகின்றது. எமது உடற்கலங்கள் தம்முள் இருக்கும் புரதங்களைச் சிறு துண்டுகளாக்கி, மேற்பரப்பில் காட்டியவண்ணம் உள்ளன. அத்துண்டுகளை ஏந்தி நிற்பவை எச்.எல்.ஏ. எனப்படும் மூலக்கூறுகளாகும். கொல்லும் ரி கலமானது, பெரும்பாலும் 8 முதல் 10 வரையான அமினோ அமிலங்களைக் கொண்ட அத்துண்டையும் அதனை ஏந்தும் மூலக்கூறையும் ஒருசேரவே பரிசோதிக்கின்றது.

இவ்வுண்மையை 1970களின் முற்பகுதியில் அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் பீற்றர் டோஹேட்டி, ரொல்ஃப் சிங்கர்நாகல் ஆகியோர் கண்டறிந்தனர். வைரஸ் தொற்றிய சுண்டெலியின் ரி கலங்கள், தனது இனவழி எலிகளின் தொற்றுற்ற கலங்களைக் கொன்றன. வேறு இனவழி எலியின் கலங்களில் அதே வைரஸ் இருந்தும் அவற்றைக் கொல்லவில்லை. இக்கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 1996ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவ்வாறாயின், பிறரது உறுப்பையும் ரி கலங்கள் பொருட்படுத்தாது விட வேண்டுமல்லவா என்ற ஐயம் எழலாம். இதற்கான விடை, நெஞ்செலும்பின் பின்னால் அமைந்துள்ள தைமஸ் சுரப்பியில் உள்ளது. ரி கலங்கள் அங்கேயே முதிர்ச்சியடைகின்றன. எமது எச்.எல்.ஏ. மூலக்கூறுகளை அறவே இனங்காணாதவையும், எமது சொந்தப் புரதங்களைக் கடுமையாகத் தாக்க முனைபவையும் அங்கு பெரும்பாலும் அழிந்துபோகின்றன. ஆனால், பிறரது எச்.எல்.ஏ. மூலக்கூறுகளைத் தாக்கக்கூடியவற்றைக் களைவதற்கு அங்கு வழியில்லை. அவை அங்கு இருப்பதேயில்லை. எனவே, ஒருவரது எண்ணற்ற ரி கலங்களுள் குறிப்பிடத்தக்க ஒரு பகுதிக்கு, அந்நிய எச்.எல்.ஏ. மூலக்கூறு தொற்றுற்ற சொந்தக் கலம் போன்றே தோன்றுகின்றது. கன்பரா ஆய்வில் செயற்பட்டவையோ அந்த வைரஸுக்கெனவே பெருகிய கலங்களாகும்.

1954இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நடைபெற்ற, வெற்றிகரமான முதலாவது சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை ஒத்த இரட்டையர்களிடையே நிகழ்ந்தமை இதனாலேயே கவனத்திற்குரியது. இருவரது மூலக்கூறுகளும் ஒன்றே. ஒரு தாய் தந்தையின் பிள்ளைகளிடையே கூட எச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். குருதி வகை பொருந்துவது மட்டும் போதாது என வைத்தியர்கள் கூறுவதன் காரணமும் இதுவே.

மாத்திரைகள் ரி கலங்களை அடக்கி வைக்கின்றனவேயன்றி, புதிய உறுப்பு எம்முடையதே என அவற்றுக்குக் கற்பிப்பதில்லை. மருந்து நின்றால் காவலர்கள் விழித்துக்கொள்வர். காவல் அடங்கியிருப்பதால், சாதாரண காய்ச்சலையும் அலட்சியம் செய்யலாகாது. ஒருவர் மனமுவந்து அளித்த உறுப்பைக் காப்பது, பெற்றவரதும் அவரது குடும்பத்தினரதும் நாளாந்தக் கடமை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.