கறி மாறினால் காலமும் மாறும்

ஆட்டுக்கறிக் குழம்பு வைக்க எண்ணிய நாளில் கடையில் ஆட்டிறைச்சி தீர்ந்துவிடுகிறது, கோழிதான் கிடைக்கிறது. அதே மசாலா, அதே சட்டி, அதே நேரம் என்று அடுப்பேற்றிவிடுகிறோம். முடிவு யாது? குழம்பு மணக்கிறது, கறியோ நார்நாராய்ப் பிரிந்து வாயில் சக்கையாய் நிற்கிறது. குற்றம் கோழியினுடையது அன்று. பொருளை மாற்றிய நாம் முறையை மாற்றாமல் விட்டதே குற்றம்.

காரணத்தைக் காண்போம். இறைச்சி என்பது தசை இழைகளும், அவற்றைக் கட்டி நிறுத்தும் இணைப்புத் திசுவும் சேர்ந்தது. தசை இழை சூடேற ஏறச் சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியேற்றும். இணைப்புத் திசுவிலுள்ள கொலாஜன் என்னும் புரதமோ, ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல், ஈரத்தில் நெடுநேரம் வெந்தால்தான் இளகி, ஜெலட்டின் என்னும் வழவழப்பான பொருளாகும். ஓடியாடி உழைத்த கால், தோள் பகுதிகளிலும், வயது முதிர்ந்த விலங்கிலும் இக்கட்டு வலியது. ஆகவே ஆட்டின் முன்கால் திறந்த சட்டியில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் வேகவேண்டியிருக்கிறது. சில வாரங்களே வளர்ந்த பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறியில் இளக்கவேண்டிய கட்டு மிகக் குறைவு. நெடுநேர வேக்காடு அதன் நீரைப் பறிப்பதன்றி வேறொரு பயனும் தராது.

ஆதலின், ஆட்டுக்கு ஈடாக இக்கோழியை இடுவோர் வெங்காயம், தக்காளி, மசாலா ஆகியவற்றை முன்னரே வதக்கிக் கொதிக்கவிட்டு, பச்சை வாடை போனபின் துண்டுகளைச் சேர்த்தல் வேண்டும். 20 முதல் 25 நிமிடம் பெரும்பாலும் போதும். கோழி தானே நீர் விடுமாதலால் தண்ணீரையும் குறைத்தே வார்க்க வேண்டும். எனினும் அரைவேக்காட்டில் இறக்கலாகாது. கோழியில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும்; துண்டின் நடுப்பகுதியும் 74 பாகை வெப்பம் பெறுதல் வேண்டும்.

முற்றிய நாட்டுக்கோழியாயின் கதை வேறு. அதுவும் கோழிதான், ஆனால் ஆட்டைப் போலவே பொறுமையாக வேகவேண்டும். எனவே விலங்கின் பெயரைக் கொண்டு நேரத்தைக் கணிக்காதீர்கள். அதன் வயதையும், அவ்வுறுப்பு உழைத்த உழைப்பையும் கொண்டு கணியுங்கள்.

இறுதியாக ஒன்று. மாற்றிச் சமைத்ததை உண்பவர்க்கு முன்னரே சொல்லிவிடுங்கள். சமயநெறி பற்றியோ உடல்நலம் பற்றியோ ஒருவர் ஓர் ஊனை விலக்கியிருக்கலாம். சுவை கெட்டால் நாளை திருத்திக்கொள்ளலாம். நம்பி இலையில் அமர்ந்தவரின் நம்பிக்கை கெட்டால் திருத்துவது எளிதன்று.