எறும்பு எப்படி எச்சரிக்கிறது?

சீனி டப்பாவைச் சரியாக மூடாமல் தூங்கிவிட்டால், ஃபஜ்ருக்கு எழுந்து அடுப்படிக்குப் போகும்போது அங்கே எறும்புகளின் ஊர்வலமே நடந்துகொண்டிருக்கும். முதலில் வந்தது ஓரிரு எறும்புகளாகத்தான் இருக்கும். மற்றவற்றுக்கு யார் தகவல் சொன்னது?

திருக்குர்ஆனின் 27-வது அத்தியாயத்துக்கே 'அந்நம்ல்' (எறும்பு) என்றுதான் பெயர். நபி சுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு, மிதிபடாமல் இருக்கப் புற்றுக்குள் போய்விடுமாறு தன் கூட்டத்தை எச்சரித்ததையும், அதைக் கேட்டு நபியவர்கள் புன்னகைத்ததையும் அதில் அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். மக்தபில் இதைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளைகள், "எறும்பு பேசுமா?" என்று நம்மிடம் கேட்பார்கள்.

எறும்புகளின் பேச்சில் பெரும்பகுதி வாசனைதான். உடலிலுள்ள சுரப்பிகள் வெளியிடும் வேதிப்பொருளை மற்ற எறும்புகள் தம் உணர்கொம்புகளால் அறிந்துகொள்கின்றன. இத்தகைய பொருள்களுக்குப் 'பெரோமோன்' என்ற பெயர் 1959-ல் சூட்டப்பட்டது. அதே ஆண்டில்தான் ஜெர்மன் விஞ்ஞானி புட்டெனான்ட், பெண் பட்டுப்பூச்சி ஆண் பூச்சியை அழைக்கும் வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பும், சுமார் 5 லட்சம் பூச்சிகளும் தேவைப்பட்டன!

இரை கண்ட எறும்பு புற்றுக்குத் திரும்பும் வழியெங்கும் வயிற்று நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு வாசனைத் தடம் போடுகிறது. அதைப் பிடித்து வரும் எறும்புகளும் இரை கிடைத்தால் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. இரை தீர்ந்ததும் யாரும் தடம் போடுவதில்லை, வாசனை ஆவியாகிவிடுகிறது. தீ எறும்பு ஒன்று தனியாகப் போடும் தடம் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. இப்படி மறைவதுதான் இதன் சிறப்பே. மறையாவிட்டால் காலியான டப்பாவைத் தேடி நாள் முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

எச்சரிக்கை வாசனை இதைவிட வேகமானது. அறுவடை எறும்புகளில் ஒன்று வெளியிடும் அபாய வாசனை ஒரு சாண் தூரம்கூடப் பரவாமல், அரை நிமிடத்துக்குச் சற்று மேலாக நின்று மறைந்துவிடும். ஆபத்து உண்மையானால் அடுத்தடுத்த எறும்புகளும் அதை வெளியிட, செய்தி பரவும். பொய் என்றால் அங்கேயே அடங்கிவிடும். நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு இந்த ஏற்பாடு இல்லை!

இறந்த எறும்புக்கும் ஒரு வாசனை உண்டு. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் வில்சன், அந்த வாசனையைத் தரும் ஒலியிக் அமிலத்தை உயிருள்ள எறும்பின் மீது தடவிப் பார்த்தார். கால்களை உதறிக்கொண்டிருந்த அதை மற்றவை பிணமென்று தூக்கிப்போய்க் குப்பைமேட்டில் போட்டன. தன்னைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை அதற்குக் கூட்டில் இடமில்லை.

தேனீயின் அபாய வாசனை வாழைப்பழ வாசனை போன்றது. கொட்டிய கொடுக்கு நம் தோலில் தங்கி, அந்த வாசனையை வெளியிட்டு மற்ற தேனீக்களை அழைத்துக்கொண்டே இருக்கும். எனவே ஒரு தேனீ கொட்டினால் பிள்ளைகளை உடனே அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள். கொடுக்கையும் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் வைத்து, 'அந்த எறும்பு பேசியது பெரோமோனில்தான்' என்று அடித்துச் சொல்லும் பதிவுகள் சுற்றுகின்றன. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். எறும்புகள் உடலை உரசி ஒலியும் எழுப்புகின்றன. சுலைமான் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் வழங்கிய அற்புதத்தை ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்க வேண்டிய தேவையும் நமக்கில்லை. எறும்புகள் ஒன்றையொன்று எச்சரிக்கின்றன என்பதைப் பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லலாம்.

சரி, அடுப்படி எறும்புகளை என்ன செய்வது? எறும்பையும் தேனீயையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. ஆகவே மருந்தைத் தேடும் முன் டப்பாவை இறுக மூடிவிட்டு, எறும்புகளை மெதுவாகத் தட்டிவிட்டு, அவை வந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் சுவர் ஓட்டை வரை துடைத்துப் பாருங்கள். தடம் அழிந்தால் வரிசை கலைந்துவிடும். மறுநாள் ஒன்றிரண்டு மீண்டும் வந்து தேடும். இன்னொரு முறை துடைக்க வேண்டியிருக்கும்.