டிரெய்லர் வண்டியை லாரியுடன் பிணைக்கும் இரு முறைகள்

மாட்டு வண்டியில் பாரத்தை முன்புறம் மிகுதியாக ஏற்றினால் மாடுகளின் கழுத்து நோகும். பின்புறம் மிகுதியானால் நுகம் மேலெழும்பும். பாரம் அமையும் இடமே பிரதானம் என்பதை வண்டியோட்டிகள் யாவரும் அறிவர். ஐக்கிய அமெரிக்காவில் கால்நடைகளையும் வைக்கோலையும் யந்திரங்களையும் டிரெய்லரில் ஏற்றிப் பிக்கப் லாரியால் இழுத்துச் செல்லும் குடியானவர்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.

சிறிய டிரெய்லரை லாரியின் பின்கோடியில் மாட்டுவர். பாரம் கனத்தால் லாரியின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும். டிரெய்லரும் பக்கவாட்டில் ஆடும். ஆகையால் கனத்த டிரெய்லரை லாரித் தட்டின் மீதே, பின்னச்சுக்கு நேராகவோ சற்று முன்னதாகவோ பிணைப்பர்.

கூஸ்நெக் முறை: தட்டின் நடுவே ஓர் இரும்பு உருண்டை இருக்கும், 2 5/16 அங்குல விட்டமுள்ளதே பெருவழக்கு. வாத்தின் கழுத்தைப் போல் வளைந்த டிரெய்லர்க் கழுத்து அதன்மேல் கவிந்து பூட்டிக்கொள்ளும். உருண்டை எப்பக்கமும் சாய இடந்தருவதால் மேடுபள்ளமான வயல்களுக்கு இது ஏற்றது. உருண்டையைக் கழற்றினால் தட்டு வேறு வேலைக்குப் பயன்படும். காவற்சங்கிலிகளை மாட்டுதல் அவசியம்.

ஐந்தாம் சக்கர முறை: பழைய குதிரை வண்டிகளில் முன்னச்சு திரும்புவதற்கெனப் படுக்கையாய் வைத்த வளையத்திலிருந்து இப்பெயர் வந்தது. டிரெய்லரின் கீழ் நீண்டிருக்கும் முளையைத் தட்டிலுள்ள கனத்த பலகையின் தாடைகள் கவ்விப் பிடிக்கும். ஓட்டம் அமைதியானது, நெடுந்தூரச் சாலைக்கும், வீடு போன்ற பெரிய டிரெய்லர்களுக்கும் உகந்தது. ஆயினும் கருவி கனமானது. தட்டின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். குட்டைத் தட்டுள்ள லாரி குறுகத் திரும்புகையில், டிரெய்லரின் மூலை ஓட்டுபவர் அறையில் மோதக்கூடும்.

ஆகவே வயலும் கால்நடையுமே முக்கிய வேலையாயின் கூஸ்நெக்கும், சாலைப் பயணமே மிகுதியாயின் ஐந்தாம் சக்கரமும் தக்கவை. ஒருவகை டிரெய்லரில் மாற்றுக் கழுத்தைப் பூட்டி மறுவகையாக்குவது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் அக்கழுத்து நெம்புகோலாகிச் சட்டத்தை முறிக்கக்கூடுமாதலால், டிரெய்லரைச் செய்தவர் இசைவின்றி அதனைச் செய்தல் தகாது.

எம்முறையாயினும் கவனிக்க வேண்டியவை:

1. டிரெய்லர் எடையில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை லாரியின்மேல் இறங்கும். 10,000 ராத்தல் டிரெய்லரானால் அது 1,500 முதல் 2,500 ராத்தல் ஆகும். இதனுடன் ஆட்களின் எடையும் பிணைப்புக் கருவியின் எடையும் சேர்ந்து, லாரிக்கு விதித்த அளவை மீறலாகாது.

2. பூட்டியபின், டிரெய்லரின் தாங்குகால்களை உயர்த்துமுன், அதன் பிரேக்கை மட்டும் பிடித்து லாரியை மெதுவாக முன்னிழுத்துப் பார்க்க வேண்டும். முளை தாடைக்குள் அமையாமல் மேலே நின்றால் அப்போதே தெரிந்துவிடும்.

இச்சோதனைக்கு ஒரு நிமிஷமே பிடிக்கும். அதனைச் செய்யாமற் புறப்படின், பூட்டு விலகி, ஏற்றிய கால்நடைகளும் எதிரே வருவோரும் ஒருங்கே உயிரிழக்க நேரிடும்.