காப்பர் டி போட கோவில்பட்டி வரை ஏன்?

எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் மிளகாய்ப் பழம் பறிக்கிற நாளில் ஒரு பெண் பெரிய ஆஸ்பத்திரிக்கென்று கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறினால், அன்றைய கூலி போயிற்று. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவருக்கும் அதே நிலைதான். 'அந்தரா' கருத்தடை ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அதற்காக ஆண்டுக்கு நான்கு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தால், தவணை தள்ளிப்போவதை அலட்சியம் என்று சொல்வது நியாயமில்லை.

இந்த அலைச்சல் தேவையே இல்லை. முதல் ஊசிக்கு முன் ஒருமுறை மருத்துவர் பரிசோதித்துவிட்டால், அடுத்தடுத்த ஊசிகளைப் பயிற்சி பெற்ற கிராம சுகாதார செவிலியரே போடலாம். காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனத்தைப் பொருத்தவும் எடுக்கவும் பயிற்சி பெற்ற செவிலியருக்கு நம் நாட்டு விதிமுறைகளே அனுமதி தருகின்றன. பிரசவமான 48 மணி நேரத்துக்குள், வீடு திரும்புமுன் அதைப் பொருத்திக்கொள்ளவும் வழி உண்டு. பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் இப்பணிகளைச் செவிலியர்களிடம் ஒப்படைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பும் 2012-இல் பரிந்துரைத்தது.

மருத்துவர் நேரில் செய்தே ஆக வேண்டியது கருத்தடை அறுவை சிகிச்சை. அதை அவசர அவசரமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதைச் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் காட்டியது. 2014 நவம்பரில் அங்கே ஒரு முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தும்படி 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊசியும் மாத்திரையும் காப்பர் டியும் துணை சுகாதார நிலையத்திலேயே கிடைத்தால், வேறு வழி தெரியாமல் அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் குறைவார்கள். மருத்துவருக்கும் நிதானமாகச் செய்ய நேரம் கிடைக்கும்.

எடுத்துச் சொல்லும் வேலையையும் பகிர வேண்டும். ஊசி போட்டபின் மாதவிடாய் தாறுமாறாகலாம், சில மாதம் வராமலும் போகலாம். இதை முன்கூட்டியே பொறுமையாகச் சொல்ல ஆள் இல்லையென்றால், பயந்துபோய்ப் பாதியில் விட்டுவிடுவார்கள். தெருவில் எல்லோரையும் தெரிந்த அங்கன்வாடிப் பணியாளர் இதை நன்றாகவே சொல்வார்.

ஆண்களிடம் யார் பேசுவது? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள திருமணமான பெண்களில், கருத்தடை அறுவை சிகிச்சையைத் தாமே செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது வெறும் 0.3. தழும்பில்லா வாசெக்டமி பெண்களுக்கான அறுவை சிகிச்சையைவிட எளிது, ஆபத்தும் குறைவு. டீக்கடையிலும் களத்துமேட்டிலும் ஆண்களைப் பார்க்கிற சுகாதார ஆய்வாளர்தான் இதை எடுத்துச் சொல்ல ஏற்றவர்.

ஆனால் பயிற்சியும் தட்டுப்பாடின்றி மருந்தும் தராமல் செவிலியர் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றினால் அது பகிர்வு ஆகாது, சுமைதான். சிக்கல் வந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்பவும் ஏற்பாடு வேண்டும்.

உங்கள் ஊர் நர்ஸம்மா அடுத்த முறை வரும்போது, எந்தெந்த முறை இங்கேயே கிடைக்கும் என்று கணவனும் மனைவியுமாகக் கேளுங்கள்.